வாசகர் கேள்வி – பதில்: வேப்பமரத்தின் மேல் போட்ட பழி

கேள்வி: சத்துவாச்சாரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஆறு வயது மகனுக்கு விடிந்தால் அடுக்குத் தும்மல். மழைக்காலம் வந்தால் வீசிங். அணைக்கட்டுப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மாமியார், "மண்ணில் விடாமல் சிமென்ட்டிலேயே பிள்ளை வளர்த்தால் இப்படித்தான். இங்கே கொண்டுவந்து விடு, மரக்காற்றில் சரியாகிவிடும்" என்கிறார். என் கணவரோ, எங்கள் சன்னலை ஒட்டி நிற்கும் மரத்தால்தான் எல்லாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: மாமியாரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், வீட்டு அமைதிக்கு அதுதான் நல்லது. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மரக்காற்றில் இல்லை, அவர் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். முன்னோர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். இரத்தவழியிலும் உணவிலும் வாழ்க்கை முறையிலும் நெருங்கியவர்கள். இருவருமே வயல்வெளிக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். ஆனால் ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 விழுக்காடு அளவில் இருக்க, ஹட்டரைட் பிள்ளைகளில் 21 விழுக்காடு. 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இரு தரப்பு வீட்டுத் தூசியையும் எடுத்துப் பார்த்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாக்களின் மிச்சம் பல மடங்கு அதிகம். அவர்களுடைய தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கிறது. பிள்ளைகள் தவழும் வயதிலேயே அதற்குள் போய்வருகிறார்கள். ஹட்டரைட்டுகளின் பண்ணையோ பெரியது, இயந்திரமயமானது, வீட்டிலிருந்து தள்ளி இருப்பது. இரண்டு இடத்திலும் பச்சைக்குக் குறைவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் சரளை முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து பதித்து, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை 28 நாள் விளையாட விட்டார்கள். அவர்களின் தோலில் வாழும் பாக்டீரியாக்களின் வகை கூடியது. நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் இரத்த அணுக்களின் போக்கும் மாறியது. 2020இல் இது வெளியானபோது பத்திரிகைகள் துள்ளின. அவர்கள் அளந்தது இரத்தத்தில் தெரியும் அறிகுறிகளைத்தான். அந்தப் பிள்ளைகளின் அலர்ஜி குறைந்ததா என்பது வேறு கேள்வி.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். தொழுவம் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் கருவிலும் முதல் ஓரிரு ஆண்டுகளிலும் படிவது. ஆறு வயதில், வீசிங் வந்துவிட்ட பிள்ளையைக் கொண்டுபோய் வைக்கோல் தூசியிலும் விறகடுப்புப் புகையிலும் விட்டால் அன்று இரவே இழுக்கலாம். விடுமுறைக்குத் தாராளமாக அனுப்புங்கள். வரப்பில் ஓடட்டும், கன்றுக்குட்டியைத் தொடட்டும். பையில் இன்ஹேலரும், அதோடு பொருத்தி மருந்தை உறிஞ்ச வைக்கும் ஸ்பேஸர் குழாயும் இருக்க வேண்டும். அதை எப்படிக் கொடுப்பது என்று பாட்டிக்கு ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

இனி உங்கள் கணவர். அவர் செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் மருத்துவத் தொழிலுக்கு வந்த புதிதில், கொசப்பேட்டையில் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரத்தை வெட்டச் சொன்னேன். ஐந்து வயதுப் பெண் குழந்தை, ஓயாத இழுப்பு. வேம்பு பூப்பது பங்குனி, சித்திரையில். குழந்தைக்கு இழுத்ததோ கார்த்திகையிலும் மார்கழியிலும். அந்தக் கணக்கைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. வேம்பின் மகரந்தம் பூச்சியின் காலில் ஒட்டிப் போவது. காற்றில் மைல் கணக்கில் பறப்பதல்ல. மரம் போனது. அடுத்த மார்கழியில் குழந்தை மறுபடி வந்து நின்றது. வெட்கத்தோடு வீட்டுக்கே போனேன். சன்னல் வழியே ஒரு விரற்கடை வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. குழந்தை படுக்கும் இலவம்பஞ்சு மெத்தையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். அந்த வெயில் கீற்று முழுவதும் பொன்தூளாக நிறைந்து, அடங்க வெகுநேரம் ஆனது. தாத்தாவின் கல்யாண மெத்தையாம்! கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சாம்பல் வேறு.

தூசிப்பூச்சி என்று ஒன்று மெத்தையில் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நம் தோலில் உதிர்வதைத் தின்னும், தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஐப்பசி மழை தொடங்கியபின் அதற்குக் கொண்டாட்டம். அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை, 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் துவையுங்கள். மெத்தை, தலையணைகளை நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் போட்டுப் புரட்டித் தட்டுங்கள், பையன் பக்கத்தில் இல்லாதபோது. கொசுவலை கட்டுங்கள், சுருள் வேண்டாம். எதனால் அலர்ஜி என்று உறுதியாகத் தெரிய, தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. மரத்தைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

கேள்வி: தோட்டப்பாளையத்து நெருக்கடி பிள்ளைக்கு ஆகாது என்று காட்பாடிக்கு அப்பால் புதிய மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தோம். சுற்றிலும் பச்சை. ஆனால் மகளுக்குத் தும்மலும் கண் அரிப்பும் முன்பைவிட அதிகம். இது எப்படி?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: நீங்கள் பார்க்கும் பச்சை எது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். கல் நட்டு, விலை ஏறட்டும் என்று விட்டுவைத்த மனைகளில் வளர்வது பார்த்தீனியமும் வேலிகாத்தானும். வேலிகாத்தானைத் தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள். அதன் மகரந்தம் நம் நாட்டில் அலர்ஜிக்குப் பேர்போனது. பார்த்தீனியம் தோலுக்கும் ஆகாது. இவற்றோடு எம்-சாண்ட் லாரி, பாதி கட்டிய வீட்டின் சிமென்ட் தூசி, மாலையில் யாரோ கொளுத்தும் குப்பை. டீசல் புகைத் துகளும் மகரந்தமும் சேர்ந்து மூக்கில் ஏறினால், மகரந்தம் மட்டும் ஏறுவதைவிட உடல் கடுமையாகச் சீறும்.

உழுத நிலமாகவும் இல்லாமல், ஊராகவும் ஆகாமல் கிடக்கும் இடம்தான் என் அனுபவத்தில் பிள்ளைகளின் மூச்சுக்கு மிக மோசமானது. பக்கத்து மனைக்காரர்களைக் கூட்டி, பார்த்தீனியம் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த பிறகு பிடுங்கினால் மகரந்தத்தை நீங்களே தூவியவர் ஆவீர்கள். அந்த இடத்தில் புங்கன் வையுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் தொட்டிச் செடிகள் வைத்தால் காற்று சுத்தமாகி அலர்ஜி குறையுமா?
– ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: குறையாது. 1989இல் நாசா, மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய நம்பிக்கை அது. உங்கள் வீடு மூடிய பெட்டி அல்ல. சன்னலைத் திறந்தால் ஆகும் வேலையை முற்றம் நிறையத் தொட்டி வைத்தாலும் செய்ய முடியாது. கண்ணுக்கு அழகு என்றால் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கும் தண்ணீரை மட்டும் மறக்காமல் கொட்டிவிடுங்கள். அதில் கொசு வளரும். கொசு வந்தால் சுருள் ஏற்றுவீர்கள். சுருள் ஏற்றினால் பிள்ளைக்கு இழுக்கும். மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.