கேள்வி பதில்: அப்பாவின் கரண்டியை எடுத்த பையன்

கேள்வி: அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன இத்தாலியர்கள் என்றாலே மாஃபியா கதைதான் கண்ணில் படுகிறது. துப்பாக்கி இல்லாமல், ஒரு குடும்பத்தின் பாசத்தையும் இழப்பையும் சொல்லும் நாவல் ஏதாவது உண்டா? (ஒரு வாசகி, திருச்சி)

உண்டு. பியட்ரோ டி டொனாட்டோ எழுதி 1939-இல் வந்த 'கிரைஸ்ட் இன் கான்கிரீட்'. நான் யாருக்கு நாவல் சிபாரிசு செய்தாலும் இது அந்தப் பட்டியலில் இருக்கும்.

நியூயார்க்கில் கட்டட வேலை பார்க்கும் ஜெரேமியோ, அவன் மனைவி அனுன்சியாட்டா, வீடு நிறையப் பிள்ளைகள். வாடகைக் குடியிருப்பில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள் காசு சேர்த்துச் சேர்த்து, சொந்த வீடு என்பது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த நேரத்தில், புனித வெள்ளியன்று அவன் வேலை பார்க்கும் கட்டடமே சரிந்துவிடுகிறது. இத்தனைக்கும், முட்டுக் கொடுத்தது போதாது என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தவன் அவன். பிடிக்காவிட்டால் போய்க்கொள் என்கிற மாதிரிதான் பதில் கிடைத்தது. சரிவில் அகப்பட்டு அசைய முடியாமல் கிடப்பவனின் மேல் ஈரக் கான்கிரீட் கொட்டுகிறது, பிள்ளைகளின் பெயரையும் கடவுளின் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறான், கான்கிரீட் இறுகிக்கொண்டே வருகிறது. அந்தப் பக்கங்களை நான் ஒரே மூச்சில் வாசித்ததில்லை, நடுவில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது அதற்குப் பிறகு வருவதுதான். குடும்பத்தைத் தாங்க வந்த தாய்மாமன் லூயிஜியும் வேலையிடத்தில் அடிபட்டுக் காலை இழக்கிறான். மூத்தவன் பால், பன்னிரண்டு வயதுப் பையன், உதவி கேட்டுப் பாதிரியாரின் வீட்டுக்குப் போகிறான். அங்கே சாப்பாட்டு மேசையில் பதார்த்தங்கள் நிறைந்திருக்க, அவன் கையில் ஒரு துண்டு கேக்கைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் அவன் அப்பாவின் கொத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு செங்கல் அடுக்கப் போகிறான். நஷ்டஈட்டு விசாரணையிலோ அதிகாரிகள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போக, புருஷனைப் பறிகொடுத்த அனுன்சியாட்டா ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்காக உட்கார்ந்து அழக்கூட அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை, ரொட்டிக்கு வழி பார்க்க வேண்டும். துக்கத்தை இப்படி எழுதிய நாவல்கள் குறைவு என்பது என் கருத்து.

கேள்வி: இது உண்மைக் கதை என்கிறார்களே? (மதுரை வாசகர்)

பெரும்பகுதி உண்மைதான். டி டொனாட்டோவின் பெற்றோர் இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியில் உள்ள வாஸ்டோ ஊர்க்காரர்கள். அவருடைய அப்பாவும் கொத்தனார், 1923 மார்ச் 30, புனித வெள்ளியன்று கட்டடம் இடிந்துதான் இறந்தார். மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. மூத்த பிள்ளை, பின்னால் ஏழு பேர், அதனால் அவரும் கொத்து வேலைக்குப் போனார். 1937-இல் 'எஸ்குவயர்' பத்திரிகையில் சிறுகதையாக வந்தது பிறகு நாவலாக வளர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெயின்பெக்கின் 'கோபத்தின் கனிகள்' நாவல் வந்த அதே 1939-இல், 'புக் ஆஃப் த மந்த் கிளப்' தன் வாசகர்களுக்கு இந்த நாவலைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

கேள்வி: வாசிக்கக் கடினமா? (கோவை வாசகர்)

முதல் இருபது பக்கம் தடுக்கும். இத்தாலிய வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார், அதனால் பேச்சு ஜெபம் மாதிரியும் வசவு மாதிரியும் ஒரே நேரத்தில் கேட்கும். 'ஜாப்' என்ற சொல்லை ஒரு ஆளின் பெயர் போலவே எழுதுகிறார். ஜாப் கூப்பிடுகிறது, ஜாப் விழுங்குகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

கேள்வி: இதில் காதல் எங்கே இருக்கிறது? ஒரே சாவாக இருக்கிறதே! (நாகர்கோவில் வாசகி)

சாவு நிறையத்தான், மறுக்கவில்லை. பாலின் ஞானத்தந்தை நசோனேயும் சாரத்திலிருந்து விழுந்துதான் சாகிறார். ஆனால் கால் போன லூயிஜிக்கு ஒரு கல்யாணம் நடக்கிறது பாருங்கள், கோலா என்ற பெண்ணோடு. அந்த விருந்துக்காக ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். சுண்ணாம்பு அரித்த கைகளோடு கொத்தனார்கள் வந்து, தின்று, குடித்து, ஆடித் தீர்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனுன்சியாட்டாவும் பாலும் ஆவியோடு பேசுகிறவள் ஒருத்தியிடம் போகிறார்கள், ஜெரேமியோ எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்கு. நன்றாக இருக்கிறான் என்கிறாள் அவள். பொய்யோ மெய்யோ, அம்மாவும் பிள்ளையும் அதை அப்படியே நம்பி, லேசான மனதோடு வீடு திரும்புகிறார்கள். நீங்கள் கேட்ட காதலை நான் அங்கேதான் கண்டேன்.