வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி: வார்டு நர்ஸின் பதில்கள்

அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து பத்து நாள். நன்றாக நடக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி இன்னும் வேண்டுமா?

வேண்டும். டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். படுத்தே இருக்கும்போது காலில் ரத்தம் தேங்குகிறது. ஆபரேஷனும் புற்றுநோயும் ரத்தத்தை எளிதில் உறையவைக்கின்றன. காலில் உறைந்த கட்டி பிய்ந்துகொண்டால், இதயம் வழியாகப் போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே இந்த ஆபத்து விலகிவிடாது, 12 வாரம் வரைகூட இருக்கும். அதனால்தான் வயிற்றுப் பகுதியில் புற்றுநோய்க்கான ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் 4 வாரம் ஊசி எழுதுகிறார்கள்.

தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்குங்கள். மருந்து முழுதும் போகும்வரை மடிப்பை விடாதீர்கள். அப்புறம் தேய்க்கவே கூடாது, ரத்தம் கட்டி நீலமாகிவிடும்.

லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளைகள் வழியாக) பித்தப்பை எடுத்தார்கள். ஊசியே போடவில்லையே?

சின்ன ஆபரேஷன், மறுநாளே எழுந்து நடந்திருப்பீர்கள். பலருக்கு அது போதும். முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தாலோ கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலிக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவலாமா?

தயவுசெய்து நீவாதீர்கள், கட்டி இருந்தால் நகர்ந்துவிடலாம். காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை இன்றே எடுங்கள்.

மூச்சு வாங்குவது தையல் வலியாலா, ரத்தக்கட்டியாலா? எப்படிப் பிரித்தறிவது?

வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது, முயலவும் வேண்டாம். எங்கள் வார்டில் ஆறாம் நாள் ஒரு அம்மா கழிவறைக்குப் போய்வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "தையல்தான்மா இழுக்குது" என்று சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். நாடி பிடித்தால் 128. சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் ரத்தக்கட்டி. உடனே மருந்து தொடங்கியதால் பிழைத்தார்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, மயக்கம், சளியில் ரத்தம் - இதில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்) ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டி இல்லாதவர்களுக்கும் அது ஏறித்தான் இருக்கும். அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.