வசனமே இல்லாத பழைய ஜெர்மன் படங்களை இப்போது உட்கார்ந்து பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். 'டாக்டர் காலிகரி', 'மெட்ரோபோலிஸ்' என்று யாரோ கொடுத்த பட்டியலில் ஆரம்பித்துப் பாதியில் தூங்கியிருப்பீர்கள். அவை மோசமான படங்கள் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். முதலில் இயக்குநர் முர்னாவின் 'டெர் லெட்ஸ்டே மான்' (1924) பாருங்கள். 'தி லாஸ்ட் லாஃப்' என்று தேடினால் கிடைக்கும்.

பெரிய ஓட்டல் வாசலில் நிற்கும் கிழட்டுக் காவலாளி கதை. எமில் யானிங்ஸ் நடித்தது. கனமான பெட்டியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்க உட்காருகிறார், மேனேஜர் பார்த்துவிடுகிறார். மறுநாள் கழிவறையில் துண்டு நீட்டும் வேலை. பளபளக்கும் அந்த யூனிஃபார்ம் கோட்டை உடம்பிலிருந்து உரிக்கும்போது ஒரு பொத்தான் அறுந்து விழும். வீட்டில் கல்யாணம் என்பதால் அன்று ராத்திரியே கோட்டைத் திருடிப் போட்டுக்கொண்டு போவார்.

எங்கப்பா மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். சப்டைட்டில் எல்லாம் படிக்க மாட்டார். நான் பார்க்கும்போது பின்னால் வந்து நின்றவர், கொஞ்ச நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேனேஜர் கொடுக்கும் கடிதத்தை மட்டும் படித்துச் சொன்னேன். மற்றபடி படத்தில் இடையில் வரும் எழுத்து அட்டையே ஒன்றுதான், அதுவும் கடைசியில். கோட்டைத் திருடும் இடத்தில், "அடப்பாவி, செட்டில்மென்ட் நின்னுடுமேடா" என்றார். அப்பா கதை சொல்லி லைக் வாங்குகிறான் என்பீர்கள். இருக்கட்டும்.

இன்றைக்கும் செக்யூரிட்டி ஏஜென்சிகளில் யூனிஃபார்முக்கு என்று முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வேலையை விட்டால் துணியையும் வாங்கிக்கொள்கிறார்கள், பணம் திரும்பி வருவதில்லை. இதைக் கேட்க ஒரு நாதி கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேமராவைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டும் சைக்கிளில் வைத்துக்கொண்டும் எடுத்தார். முதல் காட்சியில் லிஃப்ட் இறங்குவதைக் கவனியுங்கள், போதும்.

முடிவைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். நிஜத்தில் இந்தக் கிழவனுக்குச் சாவுதான், பாவம் என்று வேறு முடிவு தருகிறோம் என்று அந்த ஒரே அட்டையில் போட்டுவிட்டு, அவரைக் கோடீஸ்வரன் ஆக்கிவிடுவார்கள். ஒட்டவைத்த முடிவு என்கிறார்கள். ஒட்டவைத்ததை ஒளிக்கவே இல்லையே ஐயா! அப்பாவுக்கு அதெல்லாம் பிரச்சினையே இல்லை. பணம் வந்ததும் கிழவர், தனக்கு உதவிய ராத்திரி வாட்ச்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகிறாரே, அந்த இடத்தை இரண்டு தடவை போடச் சொன்னார்.