தம்பியின் கடன் அட்டையில் ஓடும் வான்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் தம்பிக்கு வர்ஜீனியாவில், பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் நிறுவனம் ஒன்றில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. அரசின் பாதுகாப்பு அனுமதி வந்தால்தான் அது உறுதி. அவனுக்குக் கடன் அட்டையில் 24,000 டொலர் கடன். வட்டி 24 வீதம். மாதம் 720 டொலர் கட்டுகிறான், சாப்பாட்டுச் செலவு 300 டொலரை அதே அட்டையில் போடுகிறான். போன வருடம் ஒரு தவணை இரண்டு மாதம் பிந்தியது. எங்களுக்கு மாதம் 700 டொலர் அனுப்புகிறான். அதில் 1,35,000 ரூபா, என் கணவர் லீசிங்கில் எடுத்த வானின் தவணைக்குப் போகிறது. மிச்சம் அம்மாவின் மருந்துக்கும் வீட்டுக்கும். விசாரணையில் தெரியாமலிருக்க, இனி வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் அனுப்பச் சொல்கிறார் கணவர். எங்களால் அவன் வேலை போய்விடுமா?

பதில்: சகோதரி, உண்டியல் யோசனையை இன்றே கைவிடுங்கள். பாதுகாப்பு அனுமதிக்காகத் தம்பி நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்திலேயே, வெளிநாட்டவருக்குப் பண உதவி செய்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது. தாய்க்குப் பணம் அனுப்புவது குற்றமல்ல. அதை மறைத்துப் பொய் எழுதுவது அங்கே கூட்டரசுக் குற்றம். வங்கி வழியாக அனுப்பிய பற்றுச்சீட்டுகள்தான் அவருக்குத் துணை நிற்கும்.

அனுமதி கொடுப்பதா என்று முடிவு செய்யும் 13 வழிகாட்டி விதிகளில் 'எஃப்' பண விவகாரம் பற்றியது. இத்தனை டொலருக்கு மேல் கடன் என்றால் மறுப்பு என்று அதில் வரம்பு எதுவும் இல்லை. வரவை மீறி வாழ்கிறாரா, கட்ட மனமில்லாமல் இருக்கிறாரா, பண நெருக்கடி அவரைத் தவறான வழிக்குத் தள்ளுமா என்றுதான் பார்ப்பார்கள். 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்ட கடன்களைப் படிவம் தனியாகக் கேட்கிறது. தம்பி அந்த எல்லையைத் தொடவில்லை. ஆனால் கடன் அறிக்கையைப் பார்ப்பார்கள், அனுமதி கொடுத்த பிறகும் கண்காணிப்பார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 24,000 டொலருக்கு மாத வட்டி மட்டும் 480. அவர் 720 கட்டும்போது அசலில் 240 குறைகிறது. சாப்பாட்டுக்கு 300 ஏறுகிறது. மாதாமாதம் கட்டியும் கடன் 60 டொலர் வளர்கிறது! டொலர் 300 ரூபா என்று வைத்தால் வான் தவணை 450 டொலர். அது நின்றால் சாப்பாட்டைக் கைக்காசில் வாங்கிவிட்டு, மிச்சம் 150ஐயும் சேர்த்து 870 கட்டலாம். ஏறத்தாழ மூன்றரை வருடத்தில் கடன் முடியும். நோயோ வேலை இழப்போ கடனுக்குக் காரணமென்றால் விசாரிப்பவர்கள் கணக்கில் எடுப்பார்கள். அத்தானின் வானை அப்படிச் சொல்ல முடியாது.

நிலாவெளி, உப்புவெளிச் சீசனில் ஓடி, மற்ற மாதங்களில் முற்றத்தில் நிற்கும் வண்டிக்கு வருடம் முழுவதும் இன்னொருவர் தவணை கட்டுவது தொழிலே அல்ல. இதைக் கணவரிடம் நீங்களே சொல்லுங்கள். தம்பி சொன்னால் மனத்தாங்கலாகிவிடும். திடீரென்று தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தில் கணவரின் பெயர் கெடும், பிணை நின்றவரும் மாட்டுவார். லீசிங் நிறுவனத்திடம் மீதித் தொகையை எழுத்தில் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு வானை விற்றுத் தீருங்கள். கொஞ்சம் நட்டம் வந்தாலும் பரவாயில்லை.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. 'கடனைப் பாதியாக்கித் தருகிறோம்' என்று அங்கே விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பல, பேரம் பேசுவதற்காக முதலில் தவணையை நிறுத்தச் சொல்லும். அனுமதிக்குக் காத்திருப்பவர் அதைக் கேட்டால் தானாகவே 120 நாளைத் தாண்டிவிடுவார். இலாப நோக்கற்ற கடன் ஆலோசனை நிலையம் ஒன்றுக்குப் போய், திட்டம் போட்டு, அதன்படி கட்டிவரட்டும். அந்த முயற்சியை வழிகாட்டி வெளிப்படையாகவே அவருக்குச் சாதகமாக எடுக்கிறது.

அம்மாவின் மருந்துக்கும் வீட்டுக்கும் வரும் 250 டொலர் தொடரட்டும், வங்கி வழியாக.