நகராத தந்தி

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வயது 44. சிறுவயதில் நான்கு வருடம் வீணை கற்று, பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். 1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் கிளம்பிய கன்ட்ரி ராக் இசைமேல் எனக்குத் தீராத மோகம். சென்ற ஆண்டு பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றை வாங்கினேன். பத்துத் தந்தி, மூன்று பெடல், ஐந்து முழங்கால் நெம்புகோல். எட்டு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறேன். தந்தி எண்ணும் கட்டமும் (ஃப்ரெட்) குறித்த தாள்களைப் பார்த்து 61 லிக்குகளை, அதாவது சிறு இசைத்துணுக்குகளை, மனப்பாடம் செய்திருக்கிறேன். ஸ்வரங்கள் சரியாகத்தான் விழுகின்றன. ஆனால் அந்த இசைத்தட்டுகளில் கேட்கும் ஒலி வரவில்லை. "தட்டச்சுப் பள்ளி வாசலில் நிற்பதுபோல இருக்கிறது" என்கிறாள் என் மனைவி. ஃப்ளையிங் பர்ரிட்டோ பிரதர்ஸ் குழுவில் ஸ்டீல் வாசித்த ஸ்னீக்கி பீட் க்ளைனோவின் வரிகளோ என் வாத்தியத்தில் உட்காரவே மறுக்கின்றன. இரட்டைக் கழுத்து (இரண்டு தந்தி வரிசை) வாத்தியம் வாங்கினால் சரியாகுமா? இன்னும் எத்தனை லிக்குகள் கற்க வேண்டும்? ஆறு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை இணைத்திருக்கிறேன்.

கே.

---

அன்புள்ள கே.,

உங்கள் மனைவிக்கு நல்ல காது. ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டேன். ஆறு நிமிடத்துக்குள் நாற்பது லிக்குகளையாவது அடைத்திருக்கிறீர்கள். ஸ்வரப் பிழை அதிகமில்லை. ஆனால் ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து அதன் கழுத்தைப் பிடிக்கிறது. இன்னும் எத்தனை கற்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஒன்றும் வேண்டாம். கற்றதில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒரு வருடத்துக்குப் பரணில் போடுங்கள்.

இந்த வாத்தியத்தைப் பார்த்திராத மற்ற வாசகர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மேசைபோலக் கால்களில் நிற்கும் கிட்டார் இது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இடக்கையால் ஓர் எஃகு உருளையைத் தந்திகள்மேல் வைத்து நகர்த்த வேண்டும். கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. வலக்கைக் கட்டைவிரலிலும் இரண்டு விரல்களிலும் மீட்டிகளை மாட்டிக்கொண்டு தந்தியைச் சுண்டுவார்கள். இடக்கால் பெடல்கள்மேல். வலக்கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பெடல்மேல். இரண்டு முழங்கால்களும் பலகைக்கு அடியில் தொங்கும் நெம்புகோல்களைத் தள்ளுவதற்கு. உடம்பில் சும்மா இருப்பது தலை மட்டும்தான். அதையும் சிலர் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்.

என் அம்மா கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்தபோது நான் வாசிப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டாள். "வாத்தியத்தைச் செருப்புக் காலால் மிதிக்கிறாயே, சரஸ்வதியில்லையா அது!" அவள் இருந்த இரண்டு மாதமும் வெறுங்காலால் மிதித்தேன். உள்ளங்கால் வலித்ததுதான் மிச்சம். அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்து பழையபடி ஷூவை மாட்டிக்கொண்டேன். ஆனால் இன்றும் உட்காரும்போது பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் தொடங்க முடிவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உருளையை நகர்த்தினால் அதன் கீழிருக்கும் எல்லாத் தந்திகளும் சேர்ந்து நகரும், ஒரே திசையில், ஒரே அளவில். ஹவாயில் பிறந்த ஸ்டீல் கிட்டாரின் அழகும் அதுதான், அதன் எல்லையும் அதுதான். உருளையைச் சாய்த்து வைப்பது, ஒரு தந்தியை விரலால் இழுப்பது என்று சில உபாயங்கள் இருந்தாலும் அவை எட்டும் தூரம் குறைவு. பெடல் வைத்த வாத்தியங்களும் முன்பே வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலும் ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குத்தான் பெடல் பயன்பட்டது. முதலில் மிதிப்பார்கள், பிறகு வாசிப்பார்கள். வெப் பியர்ஸ் பாடி 1954-ல் பெரும் வெற்றி பெற்ற 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் இந்த வரிசையைக் குலைத்தார். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்திகள் அதை உரசிக்கொண்டு மேலே ஏறின. ஐசக்ஸ் ஒரே மிதியில் செய்ததை பட்டி எம்மன்ஸ் என்ற இன்னொரு ஸ்டீல் கலைஞர் பின்னால் இரண்டு பெடல்களாகப் பிரித்தார். உங்கள் காலடியில் இருக்கும் ஏ பெடலும் பி பெடலும் அந்தப் பங்கீட்டின் வாரிசுகள்.

வீணை கற்றவர் நீங்கள் என்பதால் ஸ்வரத்திலேயே சொல்கிறேன். உங்கள் வாத்தியம் வழக்கமான ஈ9 சுருதியமைப்பில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நான்காம், ஐந்தாம், ஆறாம் தந்திகளை மட்டும் சுண்டுங்கள். பெடலைத் தொடாமல் சுண்டினால் மேலிருந்து கீழாக ஸ, ப, க. காந்தாரம் அந்தரம். இப்போது ஏ பெடல் ஐந்தாம் தந்தியை முழு ஸ்வரம் உயர்த்தும்: பஞ்சமம் சதுஸ்ருதி தைவதமாகிறது. பி பெடல் ஆறாம் தந்தியை அரை ஸ்வரம் உயர்த்தும்: காந்தாரம் சுத்த மத்தியமமாகிறது. நான்காம் தந்தியின் ஷட்ஜம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆக, உருளை ஓர் அங்குலம்கூட நகராமல் நான்கு முகங்கள். எதையும் மிதிக்காதபோது மேஜர், அந்தர காந்தாரம் தரும் தெளிந்த சுரக்கூட்டு. ஏ-வை மட்டும் மிதித்தால் ஸ, த, க. மைனர், மேகம் மூடியதுபோல. பி-யை மட்டும் மிதித்தால் ஸ, ப, ம. எதற்கோ காத்திருக்கும் ஒலி. இரண்டையும் மிதித்தால் ஸ, த, ம. அடுத்த மேஜர், நான்காம் இடத்துச் சுரக்கூட்டு. நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் 61-ல் பாதிக்குமேல் இந்த நான்கு முகங்களுக்கு இடையே போய்வருபவைதான். தாளில் அவை தனித்தனி எண்களாகத் தெரிவதால் தனித்தனி லிக்குகள் என்று நினைத்துவிட்டீர்கள்.

லிக் என்ற சொல்லுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: பிடி. தோடியின் பிடிகள் என்கிறோமே, அது. பிடியை யாரும் எண்ணிக்கையால் கற்பதில்லை. எந்த ஸ்வரத்தில் நின்று எதைத் தொட்டுத் திரும்புகிறது என்பதே பிடி. பெடல் ஸ்டீலில் அந்த நிற்கும் ஸ்வரம் உண்மையிலேயே உங்கள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. தம்புராவைத் தனியே தேட வேண்டாம். நான்காம் தந்தியே தம்புரா. உங்கள் பதிவில் நான் கேட்கும் குறை இதுதான்: ஏறும் தந்தியில் இருக்கும் கவனம் நிற்கும் தந்தியில் இல்லை. அது அரை நொடியில் செத்துப்போகிறது, அல்லது வலக்கை ஓரம் பட்டு அடங்கிவிடுகிறது. ஏறுவதற்கு எதிரே ஒன்றும் இல்லாதபோது ஏற்றம் எப்படிக் கேட்கும்?

இதை நம்ப வேண்டுமானால் இன்னொன்றைச் செய்து பாருங்கள். கன்ட்ரி ராக்கில் மிகப் பழகிய பிடி. முதல் தந்தியையும் நான்காம் தந்தியையும் சேர்த்துச் சுண்டுங்கள். முதல் தந்தி ரிஷபம், நான்காம் தந்தி ஷட்ஜம். மூன்றாவதான சி பெடலை மெதுவாக, மிக மெதுவாக மிதியுங்கள். ஷட்ஜம் ரிஷபத்தை நோக்கி ஏறும். நெருங்க நெருங்க இரண்டும் முட்டிக்கொண்டு வண்டுபோல ரீங்கரிக்கும். ரீங்காரம் வேகம் குறைந்து, நீண்டு, சட்டென்று காணாமல் போகும். இரண்டு தந்தி, ஒரே ஸ்வரம். அந்தக் கணம் எப்போது வருகிறது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும். பெடல் ஒரு தடையில் போய் நிற்கும்படி செய்திருப்பதால் இறுதி ஸ்வரம் தானாகவே கிடைத்துவிடும். ஆனால் வழி உங்களுடையது. நம்மவர்கள் கமகம் என்று எதைச் சொல்கிறார்களோ அது இங்கே கணுக்காலில் இருக்கிறது. நீங்கள் பெடலை மின்விசிறி சுவிட்சைப்போல மிதிக்கிறீர்கள்.

ஒலியளவுப் பெடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதை ஊதுலைத் துருத்திபோல அமுக்குகிறீர்கள். அது வேறு வேலைக்கு வந்தது. சுண்டியவுடன் தந்தியின் ஒலி தேயத் தொடங்கும். தேயத் தேய வலக்கால் சிறிது சிறிதாக இறங்கி அந்தக் குறையை நிரப்ப வேண்டும். கேட்பவருக்கு ஒலி தேயவே இல்லை என்று தோன்றும். நிற்கும் ஷட்ஜம் உயிரோடிருப்பது இதனால்தான். பாதியளவில் வைத்துச் சுண்டினால்தான் நிரப்ப இடம் மிச்சமிருக்கும்.

ஸ்னீக்கி பீட் வரிகள் உட்காராததற்கு உங்கள்மேல் தவறில்லை, தாள் எழுதியவர்மேல்தான். ஃப்ளையிங் பர்ரிட்டோ பிரதர்ஸின் 1969 இசைத்தட்டில் அவர் வாசித்தது ஃபெண்டர் 400. எட்டே தந்திகள், பெடல்களைக் கம்பிவடங்கள் இழுக்கும், சுருதியமைப்பு பி6. அவருடைய பாதத்துக்கு எளிதாக வந்த அசைவுக்கு உங்கள் வாத்தியத்தில் பெடலே கிடையாது. அதோடு ஒலியைக் கிழிசலாக்கும் ஃபஸ் கருவியையும் சேர்த்துக்கொண்டார். களிமண் பொம்மைகளை நகர்த்திப் படம்பிடிக்கும் அசைவூட்டக் கலைஞராகவும் இருந்தவர். ஸ்டீலிலும் யாரும் நகர்த்தாத திசையில் நகர்த்தியதில் வியப்பில்லை. அவரை எண்களாகப் பெயர்க்காதீர்கள். ஒரு வரியைக் கேட்டு, வாயால் பாடி, எந்த ஸ்வரம் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதை உங்கள் பெடல்களில் எப்படி நிறுத்தலாம் என்று பாருங்கள். அச்சு அசலாக வராது. வர வேண்டியதுமில்லை.

ஈ9-க்கு ஒத்துவரும் வாசிப்பு வேண்டுமானால் பேர்ட்ஸ் குழுவின் 1968 இசைத்தட்டான 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ'வில் லாய்ட் கிரீனைக் கேளுங்கள். ராக் இளைஞர்கள் நாஷ்வில்லுக்குப் போய் அங்கே ஒலிப்பதிவுக் கூடங்களில் பழுத்த ஒருவரை வாசிக்கவைத்தார்கள். அவர் ராக்குக்காக எதையும் மாற்றிக்கொண்டதுபோல எனக்குத் தெரியவில்லை. பாடகன் மூச்சு வாங்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்து, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங்கின் 'டீச் யுவர் சில்ட்ரன்' பாட்டில் ஜெர்ரி கார்சியா. 1969-ல்தான் இந்த வாத்தியத்தை முறையாகக் கையிலெடுத்தார்; இசைத்தட்டு 1970-ல் வந்துவிட்டது. நாஷ்வில் தரத்தில் பார்த்தால் அவர் கைக்கு வேகம் குறைவு. இருந்தும் அந்தத் தொடக்கத்தை உலகம் முழுக்க முணுமுணுக்கிறார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று நீங்கள் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேளுங்கள்.

இரட்டைக் கழுத்து வேண்டாம். அடுத்த கழுத்தில் வழக்கமாக இருக்கும் சி6 சுருதியமைப்பு இன்னொரு வீடு, இன்னொரு வாடகை.

சாதகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் வைத்துக்கொண்ட மூன்று பிடிகளை ஜி மேஜரில் மூன்று இடங்களில் தேடுங்கள். 3-ம் கட்டத்தில் பெடல் இல்லாமல். 6-ம் கட்டத்தில் ஏ பெடலோடு, நான்காம் எட்டாம் தந்திகளை அரை ஸ்வரம் உயர்த்தும் நெம்புகோலையும் சேர்த்து. 10-ம் கட்டத்தில் ஏ, பி இரண்டையும் மிதித்து. மூன்றும் அதே ஜி மேஜர்தான். ஆனால் நிற்கும் தந்தி இடத்துக்கு இடம் மாறும், வாசனையும் மாறும். பிறகு எந்தப் பாட்டையாவது ஓடவிட்டு, பாடுகிறவர் வாய் திறந்திருக்கும்வரை கையைத் தந்திமேல் வைக்காமல் இருங்கள். முதல் வாரம் இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். உங்கள் பதிவின் கடைசி நான்கு நொடிகள். வாசித்து முடித்துவிட்டதாக நினைத்து, பதிவை நிறுத்தக் கை நீட்டியிருக்கிறீர்கள். நாற்காலி கிறீச்சிடுவது கேட்கிறது. தந்திகள் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் இடக்கால் தானாகவே இரண்டு பெடல்களையும் விடுகிறது, முதலில் ஏ, அரை மூச்சு கழித்து பி. தைவதம் பஞ்சமத்துக்கு வழிகிறது. மத்தியமம் தயங்கிக் காந்தாரத்தில் இறங்குகிறது. மேலே ஷட்ஜம் அசையாமல் நிற்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கே மட்டும்தான். அதை உங்கள் மனைவிக்குப் போட்டுக் காட்டுங்கள். மூன்று பிடிகளில் முதலாவதாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தந்தி அறுந்துகொண்டே இருக்கும். பத்துத் தந்திகளில் உச்ச சுருதி அதுதான், பி பெடல் அதையும் சேர்த்து இழுக்கிறது. .011 அங்குலத்தில் ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.