வக்கீலும் வெறும் கேமராவும்

கேள்வி: போலந்து இயக்குநர் கீஷ்லோவ்ஸ்கியின் படங்களில் சில பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றனவே, யார் அவர்கள்?

பதில்: எனக்குப் பிடித்தவர் பியெசேவிச். சினிமாக்காரரே அல்ல, வார்சாவில் வக்கீல். 1980களின் தொடக்கத்தில், ராணுவச் சட்டக் காலத்து அரசியல் வழக்குகளைப் படமெடுக்கக் கீஷ்லோவ்ஸ்கி நீதிமன்றம் போனார். கேமராவைக் கண்டதும் நீதிபதிகள் கடுமையான தண்டனை கொடுக்கத் தயங்கினார்கள். விடுவார்களா வக்கீல்கள்? ‘எங்கள் வழக்குக்கும் வாருங்கள்’ என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். சமாளிக்க இன்னொரு கேமரா வந்தது. அதில் ஃபிலிமே கிடையாது! அந்த ஆவணப்படம் உருவாகவில்லை. ஆனால் அங்கே பழக்கமான பியெசேவிச்சும் கீஷ்லோவ்ஸ்கியும் சேர்ந்து எழுதிய ‘முடிவே இல்லை’ படம் 1985இல் வந்தது. பைபிளின் பத்துக் கட்டளைகளை வைத்து எடுத்த ‘டெக்கலாக்’ தொலைக்காட்சித் தொடரின் யோசனையும் இந்த வக்கீலுடையதுதான்.

இசைக்கு பிரைஸ்னர். முறையாக இசை படித்தவர் இல்லை. இல்லாத ஒரு டச்சு இசையமைப்பாளரை (வான் டென் புடன்மேயர் என்று பெயர் வேறு!) உருவாக்கி, தன் மெட்டுகளை அவர் கணக்கில் எழுதிய குறும்புக்காரர்.

ஒளிப்பதிவில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ‘டெக்கலாக்’கின் பத்துப் பாகங்களுக்கு ஒன்பது பேர். அவர்களில் இட்ஜியாக்தான் கில்லாடி. ஒரு கொலையையும் அதற்கான மரண தண்டனையையும் காட்டும் ஐந்தாம் பாகத்தில் பச்சை ஃபில்டர்கள் போட்டு, வார்சா நகரத்தையே அழுக்காக்கிக் காட்டியிருப்பார். பின்னாளில் ‘பிளாக் ஹாக் டவுன்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார்.

எல்லோரும் கீஷ்லோவ்ஸ்கியின் ‘மூன்று நிறங்கள்’ பட வரிசையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் அந்த ஐந்தாம் பாகத்தில் ஆரம்பியுங்கள். சாப்பிட்டுக்கொண்டே மட்டும் பார்க்காதீர்கள்.