நிற்கும்போது மட்டும் கடகடக்கிறதா? கன்வெர்ட்டரைக் கழற்ற விடாதீர்கள்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் கடலோரத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் வசிக்கிறேன். 2020 கடைசியில் வாங்கிய பெட்ரோல் கார். ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்திருந்தால் அடியில் தகரத்தை ஆட்டுவது போல் 'கடகட' என்று சத்தம் வருகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது. பட்டறையில், "கன்வெர்ட்டர் போய்விட்டது. எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்துத் தருகிறேன், கூலி மட்டும் கொடுங்கள்" என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கிற பாகம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் சத்தம் போடுவது அது இல்லை, அதன் மேல் மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. புகைக்குழாயின் சூடு வண்டியின் தரைக்கு ஏறாமல் இருக்க வைத்திருக்கும் மெல்லிய தகடு அது. நான்கைந்து சிறு போல்ட்டில்தான் நிற்கிறது. உப்புக்காற்றில் அந்த போல்ட்டைச் சுற்றித்தான் துரு முதலில் பிடிக்கும். பொரித்த அப்பளம் போல உப்பி, ஓட்டை பெரிதாகி, தகடு தொளதொளவென்று ஆடும். ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றும்போது வருகிற அதிர்வு அந்தத் தகட்டுக்குச் சரியாகப் பொருந்திவிடுகிறது. வேகம் கூடினால் அதிர்வு மாறும், சத்தமும் அடங்கும்.

காலையில் வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது ராம்ப்பில் ஏற்றிக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அகல வாஷர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். போல்ட் இருந்த இடமே அரித்துப் போயிருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் கிளாம்ப்பால் குழாயோடு சேர்த்துக் கட்டலாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. சத்தம் போனால் போதும் என்று தகட்டையே பிய்த்தெறிய மட்டும் விடாதீர்கள். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு அது தீ ஆபத்து.

இப்போது அந்தக் 'கூலி மட்டும்' விஷயம். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழையதை விலை கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு தாராளம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த உங்கள் வண்டி பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி செய்தது. கன்வெர்ட்டரை எடுத்தால் அதன் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் விளக்கை எரிய வைக்கும். அப்புறம் அந்த விளக்கை அணைக்கத் தனியாக ஒருவர் காசு கேட்பார். புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் குழாய்க்குள் கருவியைச் செருகாமலே, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு புகைச் சான்று கொடுக்கிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். சோதனை ஒழுங்காக நடந்தால் இந்த நேர்க்குழாய் வியாபாரம் ஒரு மாதம் தாங்குமா?

கன்வெர்ட்டரே உடைவதும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. அது உடைந்தால் துண்டுகள் உள்ளேயே உருளும். ஆறிய வண்டியில் கன்வெர்ட்டரை முஷ்டியால் தட்டிப் பாருங்கள். டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கியது போல் கேட்டால் உடைந்துவிட்டது. மேடு ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறினாலும் சந்தேகப்படலாம். அப்போதும் நேர்க்குழாய் வேண்டாம், புது கன்வெர்ட்டர்தான் போட வேண்டும். அதற்கு முன் ஏன் உடைந்தது என்று பாருங்கள். அடியில் எங்காவது இடித்திருக்கலாம். தீப்பொறி தரும் பிளக்கோ காயிலோ சரியாக எரிக்காமல், எரியாத பெட்ரோல் உள்ளே போய்ச் சூடேறியும் உடைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். கழற்றிய பழையது உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தம் 'கடகட' இல்லாமல் 'புர்ர்' என்றோ, காலையில் மட்டும் 'டிக் டிக்' என்றோ இருந்தால் அது புகைக்கசிவாக இருக்கலாம். உடனே பார்க்க வேண்டும். அக்னி தீர்த்தத்தில் விடியற்காலைக் குளியலுக்காக வந்து, இரவெல்லாம் ஏசி ஓட வண்டிக்குள்ளேயே தூங்குகிறவர்களைப் பார்க்கிறேன். கசிவிலிருந்து உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். கசிவு இல்லாத வண்டியிலும் அப்படித் தூங்கக் கூடாது.

துருவுக்குப் பயந்து கழிவு ஆயிலை அடியில் அடிக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. சூடாகிற குழாயில் பட்டால் புகையும், தீயும் பிடிக்கலாம். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஊறிப்போகும். தனுஷ்கோடிக் கடலோரம் அரிச்சல்முனை போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், போதும். போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? அதில் கழுவாதீர்கள்.